பெற்றோர் ஈட்டியதும் நாம் ஈட்டுவதும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்து இல்லங்களில் மாதத் தொடக்கத்தில் எழும் ஒரு பேச்சு உங்களுக்குப் புதியதன்று. "அறுநூறு ரூபாயில் உங்கள் அனைவரையும் வளர்த்தேன், உனக்குப் பதினைந்தாயிரம் போதவில்லையா?" என்பார் தந்தை. மகன் தலைகுனிவான், அல்லது எரிச்சலுடன் எழுந்து செல்வான். கணக்கு அரைகுறையாக நிற்பதால்தான் மனங்கள் நோகின்றன. அதை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, விலைவாசி. தொழிலாளர் குடும்பங்களின் செலவை வைத்து மத்திய அரசு வெளியிடும் விலைக் குறியீட்டெண்ணின்படி, 1982-இல் 100 ரூபாயில் முடிந்த செலவுக்கு 2016-இல் ஏறத்தாழ 1,330 ரூபாய் தேவைப்பட்டது. அதாவது, அன்றைய 600 ரூபாய் 2016-இன் 8,000 ரூபாய்க்குச் சமம். 2016-ஐ 100 எனக் கொண்ட குறியீட்டெண் 2024-இல் 140-ஐக் கடந்தது. ஆகவே அந்த 600 ரூபாய், 2024-இல் 11,000 ரூபாய்க்கும் மேல். இருபத்தைந்து மடங்காகத் தோன்றும் மகனின் ஊதியம், உண்மையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே கூடுதல்! சம்பளச் சீட்டில் பஞ்சப்படி உயர்ந்தால் மகிழ்கிறோம். அது விலையேற்றத்தை ஈடுகட்டத் தரப்படும் தொகை என்பதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, எத்தனை கைகள் உழைத்தன என்பது. தந்தை சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம் பட்டையிலும் தோலைப் பதப்படுத்திய காலத்தில், அரைகுறையாகப் பதனிட்ட தோலே பெரிதும் கப்பலேறிற்று. 1970-களில் அரசு அதற்குக் கட்டுப்பாடு விதித்தபின் காலணித் தொழிற்சாலைகள் பெருகின; தையல் இயந்திரங்களின் முன் பெண்கள் அமர்ந்தனர். இன்று பல இல்லங்களில் இரு ஊதியம் வருகிறது. ஆனால் அன்றும் ஒற்றை ஊதியந்தானா? அடுப்படி வேலை முடிந்தபின் முறத்தை மடியில் வைத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தாய்மார்கள் எத்தனை பேர்! அப்பணம் அரிசியாயிற்று, பள்ளிக் கட்டணமாயிற்று. கணக்கில் மட்டும் ஏறவில்லை. பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்பது மார்க்கம். அதை வீட்டுக்கு ஈந்தவளின் பெயரையேனும் நாம் சொல்ல வேண்டாமா?

மூன்றாவது, தண்ணீர். அன்று கிணற்று நீருக்கு விலையில்லை. இன்று மாதச் செலவில் குடிநீர்க் கேனுக்கும் ஒரு வரி உண்டு. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதாக ஓர் ஆய்வு கூறியதை, 1996 ஆகஸ்ட் 28-இல் உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கின் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. தந்தையர் பெற்ற ஊதியத்தின் விலையில் ஒரு பகுதியைப் பாலாறு செலுத்தியது. அந்தப் பாக்கி இப்போது பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. இதில் கூலிக்கு உழைத்த தந்தையின் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் கணக்கு என்றால் இதுவும் கணக்குத்தான்.

எனவே, அடுத்த முறை அப்பேச்சு எழுந்தால் ஒரு தாளை எடுங்கள். தந்தையின் ஊதியத்தை இன்றைய மதிப்பில் எழுதுங்கள். அதன் கீழே தாயின் பீடிக் கூலியைச் சேருங்கள். உங்கள் பக்கத்தில் வீட்டு வாடகை, குடிநீர், பிள்ளைகளின் கட்டணம் இவற்றைக் கழியுங்கள். வைப்புநிதியும் தொழிலாளர் காப்பீடும் உங்களுக்கு இருப்பின் அவற்றைக் கூட்டுங்கள். பல தந்தையர்க்கு அவை வாய்க்கவில்லை. அதனால்தான் முதுமையில் உங்கள் கையை எதிர்பார்க்கிறார்கள்.

தாளைப் பெற்றோரிடமே படித்துக் காட்டுங்கள். மகன் ஊதாரியில்லை என்பது தந்தைக்குப் புரியும். தாயின் உழைப்பு எவ்வளவு என்பது உங்கள் இருவருக்கும் புரியும்.