திருப்புட்குழி குருவும் இன்றைய பள்ளிக்கூடமும்

காஞ்சீபுரத்திற்கு மேற்கே பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துள்ள திருப்புட்குழியைப்பற்றி வைஷ்ணவர்கள் பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளும் சங்கதி இரண்டு. ஒன்று, ஜடாயு என்னும் கழுகுக்கு இராமன் அங்கே ஈமக்கடன் செய்தான் என்பது. மற்றொன்று, இராமானுஜர் அங்கே யாதவப்பிரகாசர் என்னும் குருவிடம் பாடம் படித்தார் என்பது. கழுகு இருக்கட்டும், குருவின் யோக்கியதையை மாத்திரம் இன்று பார்ப்போம்.

குருபரம்பரைக் கதைப்படி நடந்தது என்ன? ஒரு உபநிஷத வாக்கியத்திற்கு, கடவுளின் கண்ணுக்குக் குரங்கின் பின்புறத்தை உவமையாக்கி குரு அர்த்தம் சொன்னார். மாணாக்கர் கண்ணீர் விட்டு வேறு அர்த்தம் சொன்னார். குருவுக்குக் கோபம் வந்தது. கோபம் நாளடைவில் பொறாமையாகி, காசி யாத்திரை என்று பேர் பண்ணி அழைத்துப்போய், மாணாக்கரைக் கங்கையில் அமுக்கிக் கொன்றுவிடுவதென்று ஏற்பாடாயிற்று. கூடப் படித்த சிறிய தாயார் மகன் கோவிந்தன் இரகசியமாய்ச் சொல்லவே, இராமானுஜர் விந்தியக் காட்டில் தப்பினார். இது நாம் கட்டிய கதையல்ல. பக்தர்களே எழுதிவைத்துக் காலட்சேபம் செய்கிற கதை.

இதைக் கேட்கிறவர்கள், பெருமாளே வேடனாய் வந்து வழி காட்டினார் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். கேள்வி கேட்ட பையனைக் கொல்லத் துணிந்தவன் வாத்தியார் ஸ்தானத்தில் எப்படி இருந்தான்? கூடப் படித்தவர்கள் அதற்கு எப்படி உடந்தையானார்கள்? இதை யாராவது கேட்டதுண்டா? வேடன் வந்தது கதையாக இருக்கலாம். ஆனால் அக்கதையிலேயே உயிரைக் காப்பாற்றியது, கோவிந்தன் என்ற ஒரு பையன் வாய் திறந்ததுதான் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

குருவைத் தெய்வத்திற்கு முன்படியில் வைத்த நாடு இது. கட்டை விரலைக் கேட்ட துரோணனுக்கு ஆச்சாரியன் என்று பேர்; கொடுத்த ஏகலைவனுக்கு பக்தன் என்று பேர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டதற்குக் ‘கோதண்டம்’ என்று இராமன் வில்லின் பேரையே வைத்தார்கள். “கண்ணிரண்டை விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், ஐயா” என்று பெற்றவனே கும்பிட்டுச் சொன்னான். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிப்பதோடு மனதை வதைப்பதையும் தடை செய்துவிட்டது. ஆனால் சட்டப் புஸ்தகம் மாறிய வேகத்தில் வாத்தியாரின் நாக்கு மாறவில்லை. “நீ தறிக்குழிக்குத்தான் லாயக்கு”, “உன் ஜாதிக்குப் படிப்பு எதற்கு” என்கிற சொல் இன்றும் வகுப்பில் விழுகிறது. வாத்தியார் ஒரு தரம் சொன்னால், கூட இருக்கும் நாற்பது பிள்ளைகள் அதையே வருஷம் முழுதும் சொல்லுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இக்குணம் எங்கிருந்து வந்தது? சாப்பாட்டுப் பந்தியிலிருந்து வந்தது. 1924-25-ல் சேரன்மாதேவி குருகுலத்தில், தேசபக்தியின் பேரால் வசூலித்த பொதுப்பணத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போடப்பட்டதை நாடறியும். அதற்கும் முன்பே அம்பேத்கர் சிறுவனாயிருந்தபோது வீட்டிலிருந்து கோணிச்சாக்கு கொண்டுபோய் வகுப்பில் தனியே உட்கார்ந்தார். பியூன் ஊற்றினாலொழிய அவருக்குத் தண்ணீர் கிடையாது.

அது அந்தக் காலம் என்பீர்களானால், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது எந்தக் காலம்? ஆதிதிராவிடப் பையன் ஒருவனைக் கூடப் படித்த பையன்களே ஜாதியைச் சொல்லி வதைத்தார்கள். அவன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தினான். வாத்தியார் விசாரிக்க, உண்மையைச் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் பார்ப்பனர்களல்ல, தோழர்களே! நம்மவர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஜாதியார் வீட்டுப் பிள்ளைகள். பார்ப்பனீயம் பூணூலில் மாத்திரம் இல்லை, பள்ளிப் பையன் கையில் கட்டும் கலர் கயிற்றிலும் இருக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கயிற்றை ஒழிக்க வேண்டுமென்று நீதிபதி சந்துரு கமிட்டி 2024-ல் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தது. வெட்டுப்பட்ட பையனோ, அடுத்த வருஷப் பரீட்சையில் 600-க்கு 469 மார்க்கு வாங்கினான். ‘உன் ஜாதிக்குப் படிப்பு எதற்கு’ என்றவர்களுக்கு அதுவே பதில்.

காலேஜ் படிப்பாவது புத்தியைக் கொடுத்ததா? 1996-ல் சிதம்பரத்தில் வைத்தியப் படிப்புக்குப் போன நாவரசு, மேல்வகுப்பு மாணவனால் கொலையுண்டான். அதன் பிறகே ராகிங் தடைச் சட்டம் 1997-ல் வந்தது.

இவைகள் ரத்தம் சிந்தியதால் தெரிந்தவை. ரத்தம் சிந்தாதவை எத்தனை? பள்ளிக்கூட நாளில் மாத்திரம் காலையில் வயிற்றுவலி, ராத்தூக்கம் இல்லாமை, பெரிய பையன் படுக்கையை நனைத்தல், திடீரென்று மார்க்கு குறைதல், யாரோடும் பேசாமை, செத்தால் தேவலை என்கிற நினைப்பு, இவைகள் யாவும் ஓயாத கேலியாலும் மிரட்டலாலும் உண்டாகக்கூடியவை என்று மனோவைத்தியர்கள் சொல்லுகிறார்கள். நம் ஜனங்கள் செய்வதென்ன? கண்ணேறு என்று மிளகாய் சுற்றுகிறார்கள். ஏழரைச் சனி என்று எள் விளக்கு ஏற்றுகிறார்கள். பேய் என்று தாயத்து கட்டுகிறார்கள். பேய் மூன்றாவது பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறது. மந்திரவாதி பிள்ளையின் தலையில் வேப்பிலை அடிக்கிறான்! கடைசியில், “படிப்பு ஏறவில்லை” என்று பையனைத் தறியில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இதே திருப்புட்குழியில், பிள்ளையில்லாத பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தால் அது முளைக்கும், பிள்ளை பிறக்கும் என்று நம்புகிறார்கள். வறுத்த பயறு முளைக்காது என்பது பயிர் செய்கிற எவனுக்கும் தெரியும். பிறவாத பிள்ளைக்காக இவ்வளவு பாடுபடுகிறவர்கள், பிறந்த பிள்ளையின் மனது பள்ளிக்கூடத்தில் தினம் வறுபடுவதை ஏன் கேட்பதில்லை? நல்ல வேளையாக, பிள்ளையின் மனது பயறு அல்ல. காலத்தில் கேட்டு ஆதரித்தால் திரும்பவும் தளிர்க்கும்.

நார்வே தேசத்தில் 1982-ல் மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்கள் தலைவிதி என்று சொல்லவில்லை. மறுவருஷமே தேசமெங்கும் பள்ளிகளில் இயக்கம் தொடங்கினார்கள். ஒல்வெயஸ் என்ற அறிஞர் பிள்ளைகளையே கேட்டுக் கணக்கெடுத்தார். விளையாட்டு மைதானத்தில் பெரியவர் காவல், வகுப்புதோறும் விதி, பெற்றோரோடு பேச்சு என்று ஏற்பாடு செய்தார். கொடுமை வெகுவாய்க் குறைந்தது. இதில் எந்த சாமிக்கு என்ன வேலை?

ஆகவே, தோழர்களே! இன்று இரவே உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “எத்தனை மார்க்கு” என்பதற்கு முன், “உன்னை யார் என்ன சொல்லுகிறார்கள்” என்று கேளுங்கள். அவன் சொன்னால், “நீயும் திருப்பி அடி” என்றோ, “நீ என்ன செய்தாய்” என்றோ அதட்டாதீர்கள். நாலு பேராய்ச் சேர்ந்து போய் தலைமை உபாத்தியாயரிடம் எழுத்தில் கொடுங்கள். குழந்தைகளுக்காக 1098 என்றும், மன உதவிக்காக 14416 என்றும் கூலியில்லாத டெலிபோன்கள் இருக்கின்றன. உங்கள் பிள்ளை கையில் ஜாதிக் கயிறு இருந்தால், ஊரானுக்கு உபதேசம் செய்வதற்கு முன் அதை அவிழ்த்தெறியுங்கள். வகுப்பில் ஒருவன் வதைபடும்போது வாய் திறக்கும் கோவிந்தனாய் உங்கள் பிள்ளையை வளருங்கள். வேடன் வேஷத்தில் எந்தப் பெருமாளும் வரப்போவதில்லை.