சட்டம் கணக்கைப் பார்க்கிறது, பிள்ளையின் கையில் இருப்பதோ அம்மாவின் கைப்பேசி

தெலுக் பங்லிமா காராங் - 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற அரசாங்கத்தின் முடிவைத் தொடர்புத்துறை அமைச்சர் ஃபஹ்மி ஃபட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். அப்போது பெற்றோர் பலருக்குப் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்புக்கு வந்துவிட்டது. கடமை தவறும் நிறுவனங்களுக்கு 1 கோடி ரிங்கிட் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. இனி பிள்ளைகளை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கோல லங்காட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதுதான் கேள்வி.

இங்குள்ள தொழிற்பேட்டையில் வேலை நேரம் சுற்று முறையில் மாறும். அப்பா காலை வேலை, அம்மா இரவு வேலை என்றால் பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில். கேரித் தீவுப் பக்கம் தோட்டங்களில் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. இப்படிப்பட்ட வீடுகளில் ஆளுக்கொரு கைப்பேசி கிடையாது. அம்மாவுடையதோ அண்ணனுடையதோதான் எல்லாருக்கும். அதில் திறந்திருக்கும் யூடியூப், டிக் டாக், முகநூல் கணக்குகள் எல்லாம் பெரியவர்களுடையவை.

அரசாங்கம் சொல்லும் வழி மைகாட், கடப்பிதழ், மைடிஜிட்டல் ஐடி போன்றவற்றைக் கொண்டு பயனரின் வயதை உறுதிசெய்வது. அடையாள அட்டை எண்ணின் முதல் 6 இலக்கங்களே பிறந்த தேதி என்பதால் கணக்குத் திறக்க வரும் 13 வயதுப் பையனைப் பிடிப்பது கடினமல்ல. ஆனால் 36 வயது அம்மா தன் அடையாள அட்டையைக் காட்டித் திறந்த கணக்கில், அவர் வேலைக்குப் போன பிறகு இரவு 11 மணிக்கு 8 வயது மகள் விரலால் தள்ளிக்கொண்டிருந்தால், நிறுவனத்தின் கண்ணில் தெரிவது 36 வயதுப் பெண் மட்டுமே. சட்டத்தின் குறை என்று இதைச் சொல்லிவிட முடியாது. சட்டம் கணக்கைத்தான் பார்க்கும், கட்டிலில் யார் படுத்திருக்கிறார் என்று பார்க்காது.

இதே தடையை 2025 டிசம்பர் 10ஆம் தேதி முதன்முதலில் நடப்புக்குக் கொண்டுவந்த ஆஸ்திரேலியாவிலும் இந்த இடைவெளி இருக்கிறது. அங்கு யூடியூப் தடைப் பட்டியலில் உண்டு. ஆனால் கணக்கு இல்லாமல் காணொளி பார்ப்பதற்குத் தடையில்லை. வாட்ஸ்அப்பும் ரோப்லாக்ஸ் விளையாட்டும் பட்டியலுக்கு வெளியே. மலேசியாவில் உரிம விதி 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களையும் தகவல் பரிமாற்றச் செயலிகளையும் குறிவைத்தது. சிறு விளையாட்டுத் தளங்களும் விளம்பரம் வழியும் கேலிச்சித்திரத் தளங்களும் அந்த வலையில் சிக்கும் மீன்கள் அல்ல. இணையப் பாதுகாப்புச் சட்டமும் தனிப்பட்ட உரையாடல்களைத் தொடுவதில்லை. ஆகவே எந்த வயதுக்கு எந்தத் தளம் என்று முடிவு செய்யும் வேலை வீட்டிலேயே தங்கிவிட்டது.

இங்கே ஒரு பழைய குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பல தளங்கள் "13 வயதுக்கு மேல்" என்று போடுவதால், 13 வயதுப் பிள்ளைக்கு அது ஏற்றது என்று பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணை மனநல மருத்துவர்கள் நிர்ணயிக்கவில்லை. 13 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டக்கூடாது என்று அமெரிக்கா 1998இல் ஒரு சட்டம் இயற்றியது. அதிலிருந்து தப்பிக்க நிறுவனங்கள் போட்ட கோடு அது. உள்ளடக்கம் நல்லதா கெட்டதா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பாலர் பள்ளி வயதுக்குத் தளத்தைவிட முக்கியம், அது தானாக அடுத்ததற்குத் தாவாமல் இருப்பது. யூடியூப் கிட்ஸ் செயலியில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என மூன்று பிரிவுகள் உள்ளன. பலர் இதுவரை மட்டுமே அறிவார்கள். பெற்றோர் தேர்ந்தெடுத்த காணொளிகளும் அலைவரிசைகளும் மட்டும் தெரியும்படி அமைக்கும் வசதியும் அதில் உண்டு. பத்து நல்ல தமிழ்ப் பாட்டு, கதைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். இன்னொன்று: பெரும்பாலான ஆன்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒரே செயலியில் திரையைப் பூட்டிவைக்கலாம். கடவு எண் தெரியாமல் பிள்ளை அதைவிட்டு வெளியே வர முடியாது. கைப்பேசியைப் பகிரும் வீட்டுக்கு இதைவிட உதவும் வசதி வேறில்லை, காசும் கிடையாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதி வெளிநாடுவாழ் தமிழ்ப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து உருவானது. பார்க்கப் பழைய பாணியாக இருக்கும். ஆனால் விளம்பரமும் இல்லை, அந்நியரும் இல்லை.

அதிகக் கவனம் கேட்பது தமிழ்ப்பள்ளி வயது, அதாவது 7 முதல் 12 வரை. படிக்கத் தெரியும், தேடத் தெரியும், ஆனால் பொய்யை அடையாளம் காணத் தெரியாது. வீட்டுப்பாடம் என்று வாங்கிய கைப்பேசி பத்து நிமிடத்தில் விளையாட்டுக்கு மாறும். கல்வியமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் அடையாள முகவரி உண்டு, பாடநூல்களின் மின்பதிப்பும் உண்டு. கடவுச்சொல் மறந்துபோனதால் அதைத் தொடாத வீடுகள் கணிசம். வகுப்பாசிரியரிடம் கேட்டால் தீரும் விஷயம் இது. வாசிப்புக்கு, இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. சில சொற்கள் தமிழ்நாட்டு வழக்கு. பாட்டியிடம் பொருள் கேட்கட்டும், அதுவும் நல்லதே.

இந்த வயதில் ஒரு தளத்தை எடைபோட நிபுணர் தேவையில்லை. பிள்ளையின் பெயரில் ஐந்து நிமிடம் விளையாடிப் பார்த்தால் போதும். முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடிகிறதா? காசு கட்டச் சொல்கிறதா? விளம்பரத்தைத் தொட்டால் எங்கே கொண்டுபோகிறது? முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் 12 வயதுக்குள் அந்தத் தளம் வேண்டாம், அல்லது உரையாடல் வசதியை மூடிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். படம் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் சரி.

13 முதல் 15 வரையிலான படிவ மாணவர்களிடம் பூட்டு அதிகம் வேலை செய்யாது. நண்பன் கைப்பேசி இருக்கிறது. இங்கே தமிழ்ப் பெற்றோருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. வடிகட்டிகள் ஆங்கில ஆபாசத்தையும் மலாய் வசவையும் ஓரளவு பிடிக்கலாம். ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழ் வசவையும், நேரலையில் பேச்சுத்தமிழில் கொட்டப்படும் சாதி, நடத்தை இழிவுகளையும் அவை பிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 2024 ஜூலையில் ஈஷா எனப்பட்ட ராஜேஸ்வரி, டிக் டாக்கில் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்ட நிலையில் உயிரிழந்தார். அவ்வழக்கில் ஒரு பெண்ணுக்கு 100 ரிங்கிட் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டபோது நாடே கொதித்தது. அதன் பிறகே தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, பகடிவதைக்கான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11இல் நடப்புக்கு வந்தன. அந்த நேரலைகளைத் தமிழ் தெரிந்த காதுதான் புரிந்துகொள்ள முடியும். கணினி தெரியாது என்று ஒதுங்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் அந்தக் காது இருக்கிறது. காதில் மாட்டும் கருவியைக் கழற்றிவிட்டு, சத்தமாக வைத்துக் கூடத்தில் பார்க்கச் சொல்வது பல செயலிகளைவிட நன்றாக வேலை செய்யும்.

எல்லாம் செய்தும் ஏதோ ஒரு தளத்தில் ஒருவன் பிள்ளையிடம் படம் கேட்டுவிட்டான் என்றால்? கைப்பேசியைப் பிடுங்கி உடைப்பதும் எல்லாவற்றையும் அழிப்பதும்தான் வழக்கமாக நடப்பது. அழித்தால் ஆதாரம் போய்விடும். திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுக்கவேண்டும். தாலியான் காசே 15999 எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் பாலியல் நோக்கில் பேசுவதும் நெருங்கிப் பழகி வசப்படுத்துவதும் 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்கீழ் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். வெளியே தெரிந்தால் பெண்பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிமறைக்கும் குடும்பங்கள் அதே சட்டத்தின் இன்னொரு பிரிவையும் அறிந்திருப்பது நல்லது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். அதில் பெற்றோருக்கு விலக்கு இல்லை.