கோஸ் இலையும் கூகுள் மேப்பும்

இந்த வாரம் ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். கிரீன்லாந்து பெருசா, இந்தியா பெருசா? ஸ்கூல் சுவர்ல தொங்கின உலக மேப் ஞாபகத்துக்கு வருதா? அதுல கிரீன்லாந்து ஆப்பிரிக்காவோடவே போட்டி போடும். இந்தியா அதுக்குக் கீழே தேமேனு நிற்கும். ஆனா நிஜக் கணக்கு வேற. கிரீன்லாந்து சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியா சுமார் 32.87 லட்சம். அதாவது நாமதான் ஒன்றரை மடங்கு பெரியவங்க. ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். அதுக்குள்ள கிரீன்லாந்தைப் பதினான்கு தடவை அடுக்கலாம்!

அப்போ அந்த மேப் பொய் சொல்லுதா? ஆமா. ஆனா தெரிஞ்சே, ஒரு காரணத்துக்காகச் சொல்லுது. அது என்ன காரணம்னு தெரிஞ்சுக்க எங்க ஊர் எமரால்டுக்கு வாங்க. ஊட்டியிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஒரு பக்கம் டேம், ஒரு பக்கம் தேயிலை, நடுவுல கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் தோட்டங்கள். நமக்குத் தேவை அந்தக் கோஸ்தான்!

கோஸோட வெளி இலை ஒன்றை உடையாமல் உரிச்சு எடுங்க. கிண்ணம் மாதிரி குழிஞ்சு இருக்கும். அதை டேபிள் மேல கவிழ்த்து வைச்சு, உள்ளங்கையால அழுத்தித் தட்டையாக்கப் பாருங்க. நடுப்பகுதி படியும், ஓரம் 'டப்'புனு கிழியும். கிழியாம பண்ணணும்னா இலை ரப்பரா இருந்து இழுபடணும். கிழியாம, இழுபடாம, சுருங்காம தட்டையாக்க வழியே இல்லை. இதைத்தான் ஜெர்மன் கணித மேதை காஸ் 1827ல் நிரூபிச்சார். உருண்டையோட வளைவும் தட்டைப் பரப்போட வளைவும் வேற வேற. எல்லா தூரத்தையும் அப்படியே காப்பாத்திக்கிட்டு ஒன்றை இன்னொன்றா மாத்தவே முடியாது. எவ்வளவு பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் வந்தாலும் முடியாது பாஸ்!

ஆனா ஒரு பேப்பரைச் சுருட்டிக் குழாய் பண்ணலாம். சுண்டல் பொட்டலம் மாதிரி கூம்பு பண்ணலாம். ரெண்டையும் பிரிச்சா கிழியாம மறுபடி தட்டையாகிடும். மேப் போடுறவங்க பிடிச்ச நூல் இதுதான். பூமியை ஒரு குழாய் மேலயோ கூம்பு மேலயோ கணக்குப்படி 'ஒட்டி', அப்புறம் அதைப் பிரிச்சுப் போடுறது. ஒட்டும்போது ஏதாவது ஒன்று கெடும். வடிவம், பரப்பு, தூரம்... எதைக் காப்பாத்தணும், எதை விட்டுக்கொடுக்கணும்னு முடிவு பண்றதுதான் புரொஜெக்‌ஷன்.

1569ல் மெர்கேட்டர் குழாயை எடுத்துக்கிட்டார். அவர் மனசுல இருந்தது கப்பல்காரங்க. திசைகாட்டியில ஒரே கோணத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, மேப்ல அது நேர்கோடா வரணும். அதுக்கு அவர் கொடுத்த விலை பரப்பு. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக எல்லாம் வீங்கும். எவ்வளவு வீங்கும்? அந்த இடத்தோட அட்சரேகைக்கு 'செக்' போட்டா போதும். லண்டன்ல நீளம் 1.6 மடங்கு. கிரீன்லாந்தோட நடுவுல, 72 டிகிரியில, 3.2 மடங்கு, பரப்பு பத்து மடங்குக்கு மேல!

எம்-ஒன் பேப்பர்ல 'செக் தீட்டா'வுக்கு இன்டக்ரல் கேட்டு உயிரை வாங்கினாங்களே, ஞாபகம் இருக்கா? அது பிறந்ததே இந்த மேப்ல இருந்துதான். ஒவ்வொரு அட்சரேகையையும் எவ்வளவு மேலே வரையணும்னு தெரியணும்னா, செக்கைக் கூட்டிக்கிட்டே போகணும். 1599ல் எட்வர்ட் ரைட் என்ற இங்கிலாந்துக்காரர் கையாலேயே கூட்டி அட்டவணை போட்டார். கால்குலஸ் அப்போ பிறக்கவே இல்லை! 1640களில் ஹென்றி பாண்ட் என்பவர் அந்த அட்டவணை 'லாக் டேன்' அட்டவணையோட அப்படியே ஒத்துப்போறதைக் கவனிச்சார். ஏன்னு 1668ல்தான் ஜேம்ஸ் கிரெகரி நிரூபிச்சார். விடையைப் பார்த்துட்டு ஸ்டெப்ஸ் போடுற டெக்னிக், நம்ம எக்ஸாம் ஹாலுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்கு!

நம்ம செல்போன் மேப் ஓடுறதும் இந்த மெர்கேட்டரோட தம்பியிலதான். தெருவும் முக்கும் கோணம் மாறாம தெரியணுமே, அதுக்காக. எமரால்டு 11 டிகிரி 20 நிமிஷத்துல இருக்கு. இங்கே வீக்கம் வெறும் 2 சதவிகிதம். தூரம் கேட்டா ஆப் அதையும் கணக்குப் போட்டுத் திருத்திச் சொல்லிடும். 2018லிருந்து கம்ப்யூட்டர்ல கூகுள் மேப்பை முழுசா ஜூம் அவுட் பண்ணினா தட்டைக்குப் பதிலா உருண்டையே வரும்.

உருண்டையை மறந்தா என்ன ஆகும்னு பார்க்க ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று, கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பைலட்டுகள் எல்லாரும் பெண்களாகவே இருந்து, சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்தது. எந்த வழியா? வட துருவத்துக்கு மேல! சுவர் மேப்ல பார்த்தா, 'ஏம்மா, பசிபிக் பக்கமா நேரா வர வேண்டியதுதானே?'னு கேட்கத் தோணும். ஒரு உருண்டையில நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, அது வடக்கே ஏறித்தான் இறங்கும். மெர்கேட்டர் மேப்ல துருவமே கிடையாது. அது முடிவில்லாத தூரத்துக்குப் போயிடுது!

சரி, நம்ம நாட்டு மேப் கதைக்கு வருவோம். 1802 ஏப்ரல்ல சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்துல வில்லியம் லாம்டன் சங்கிலி பிடிச்சு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் மேல முக்கோணமா இந்தியா முழுக்கப் பின்னிக்கிட்டே போனாங்க. அவரோட தியோடலைட் அரை டன் எடை. 1808ல் தஞ்சாவூர் பெரிய கோயில் மேல ஏத்தும்போது கயிறு அறுந்து அது மோதி நசுங்கிடுச்சு. மனுஷன் அசரலை. ஆறு வாரம் உட்கார்ந்து அவரே ரிப்பேர் பண்ணினார். (நம்ம சர்வே லேப்ல ஒரு ஸ்க்ரூ லூஸானாலே ஃபைன் போடுறாங்க!)

லாம்டனுக்குப் பின்னாடி வந்த எவரெஸ்ட், 1830ல் பூமியோட வடிவத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்கள்ல கொஞ்சம் அமுங்கினது. அந்த அமுங்கின உருண்டைக்கு 'எவரெஸ்ட் ஸ்பீராய்டு'னு பேர். சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய டோபோ ஷீட்கள் இந்த உருண்டையைப் பல கூம்புகள்ல ஒட்டிப் பிரிக்கிற பாலிகோனிக் முறையில போடப்பட்டவை. எமரால்டும் ஊட்டியும் '58 ஏ/11' என்ற ஷீட்ல வரும். 2005 தேசிய மேப் கொள்கைக்கு அப்புறம் பொதுமக்களுக்கான ஷீட்கள், ஜிபிஎஸ் பயன்படுத்துற 'டபிள்யூஜிஎஸ் 84' உருண்டைக்கும் யூடிஎம் புரொஜெக்‌ஷனுக்கும் மாறிடுச்சு.

யூடிஎம்னா மெர்கேட்டரோட குழாயைப் படுக்கப் போட்டது. உலகத்தை 6 டிகிரி அகலத்துல 60 பட்டையா வெட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு தனிக் குழாய். தமிழ்நாட்டை 78வது தீர்க்கரேகை வெட்டுது. மேற்கே நீலகிரி, கோவை, ஈரோடு எல்லாம் 43வது பட்டை. கிழக்கே சேலம், மதுரை, சென்னை எல்லாம் 44. பட்டையோட நடுவுல கொஞ்சம் சுருக்கம், ஓரத்துல கொஞ்சம் நீட்டம். நடுக்கோட்டிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர்ல சுருக்கமும் இல்லாம நீட்டமும் இல்லாம ஒரு கோடு ஓடும். எமரால்டு எங்கே இருக்கு தெரியுமா? நடுக்கோட்டிலிருந்து சுமார் 177 கிலோமீட்டர்ல! அந்தப் புரொஜெக்‌ஷன் எங்க ஊர்ல ஒரு கிலோமீட்டருக்குப் பண்ற தப்பு ரெண்டு சென்டிமீட்டர் அளவுக்குத்தான். காலரைத் தூக்கி விட்டுக்கலாம்ல?

கொஞ்சம் இருங்க. மலைக்காரங்களுக்கு இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு. இந்தக் கணக்கெல்லாம் கடல் மட்டத்து உருண்டையில. நாங்க அதுக்கு மேல சுமார் 2,000 மீட்டர் உயரத்துல. உயரத்துல வட்டம் பெருசு. அதனால இங்கே அளந்த ஒரு கிலோமீட்டரைக் கடல் மட்டத்துக்கு இறக்கினா 30 சென்டிமீட்டர் குறையும். புரொஜெக்‌ஷன் தப்பைவிட இது பதினைந்து மடங்கு! அடுத்தது சரிவு. 30 டிகிரி சரிவுல ஒரு கிலோமீட்டர் நடந்தா, மேப்ல வெறும் 866 மீட்டர்தான். மிச்சம் 134 மீட்டரை 'காஸ் 30' சாப்பிட்டுடுச்சு.

எங்க பாட்டி தேயிலை பறிச்சு வளர்த்தவங்க. 'பட்டாவுல ஒரு ஏக்கர்னுதான் போட்டிருக்கு சாமி. ஏறி இறங்கிப் பறிக்கிறவளுக்குல்ல தெரியும் அது எவ்வளவுன்னு'னு சொல்வாங்க. கணக்குப் போட்டேன். 30 டிகிரி சரிவுன்னா மேப்ல ஒரு ஏக்கர், தரையில 1.15 ஏக்கர். காலேஜ் பக்கமே போகாதவங்க சொன்னதும் டிரிக்னாமெட்ரி சொல்றதும் ஒண்ணுதான். அப்போ பட்டா அநியாயமா? அதுவும் இல்லை. மழை மேலிருந்து நேரா விழுது. அதுக்குச் சரிவு தெரியாது, மேப் ஏக்கர்தான் தெரியும். 2019 ஆகஸ்ட்ல பக்கத்து அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த நாள் ஒரு மேப் ஏக்கர் மேல விழுந்த தண்ணி 32 லட்சம் லிட்டருக்கும் மேல. டேமுக்கு எவ்வளவு தண்ணி வரும்னு பார்க்க மேப் ஏக்கர். பறிக்கிற உழைப்பை அளக்கத் தரை ஏக்கர். கேள்வி மாறினா அளவும் மாறணும்.

அந்த ஆகஸ்ட்ல எங்க பக்கம் பல இடத்துல மண் சரிஞ்சு ரோடு துண்டிச்சது. இப்போ யோசிங்க. ஒருத்தர் பழைய டோபோ ஷீட்டைப் பார்த்து அட்சரேகை, தீர்க்கரேகை படிச்சு போன்ல சொல்றார். அடுத்த முனையில இருக்கிறவர் அதை அப்படியே ஜிபிஎஸ்ல தட்டுறார். எண்கள் ரெண்டும் ஒண்ணுதான், உருண்டைகள் வேற! எவரெஸ்டோட உருண்டைக்கும் ஜிபிஎஸ் உருண்டைக்கும் நடுவுல நம்ம பகுதியில ஒன்றிரண்டு நூறு மீட்டர் தள்ளிப்போகும். சமவெளியில 200 மீட்டர்னா கூப்பிடு தூரம். இங்கே அது ஓடைக்கு அந்தப் பக்கம். மழையில பாலம் போயிருந்தா அந்த 200 மீட்டரைத் தாண்ட மணிக்கணக்காகும். மாத்துறதுக்கு ஃபார்முலா இருக்கு, இலவச சாஃப்ட்வேரும் இருக்கு. ஆனா 'இந்த எண் எந்த உருண்டையில?'னு முதல்ல ஒருத்தர் கேட்கணும். சிவில் படிக்கிற மக்களே, ப்ராஜெக்ட்டுக்கு மேப் டவுன்லோடு பண்ணினதும் அழகான கலரைப் பார்க்காம கீழ் ஓரத்துல பொடி எழுத்துல இருக்கிற அந்த ஒரு வரியைப் பாருங்க. புரொஜெக்‌ஷன் பேரும் உருண்டை பேரும் அங்கேதான் இருக்கும்.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க ஊர் 43வது பட்டையா, 44வது பட்டையா? தீர்க்கரேகையைப் பார்த்துக் கண்டுபிடிங்க. அட்சரேகைக்கு 'செக்' போட்டு, செல்போன் மேப்ல உங்க ஊர் எத்தனை சதவிகிதம் வீங்கியிருக்குன்னும் எழுதி அனுப்புங்க. கன்னியாகுமரி ஃப்ரெண்ட்ஸுக்குத்தான் தமிழ்நாட்டிலேயே ரொம்பக் குறைவா வரும், பொறாமைப்படாதீங்க! அடுத்த வாரம் பார்க்கலாமா? பை!