அட்வான்சுக்குப் போன வளையல்

என் மகளுக்குத் தேனியில் வேலை. தேவதானப்பட்டியிலிருந்து தினமும் பஸ்சில் அலைய முடியாதென்று அங்கேயே வாடகை வீடு பார்த்தோம். முல்லைப் பெரியாற்றங்கரை ஊர். மதுரையைப் பார்க்க வாடகை குறைச்சல்தான், 6,000 ரூபாய். ஆனால் அட்வான்ஸ் பத்து மாதமாம்! 60,000 ரூபாய்க்கு என் வளையலை அடகு வைத்தேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 600 ஆகிறது. அப்படியானால் உண்மையான வாடகை 6,600 தானே? இந்தக் கணக்கை நாம் யாரும் பார்ப்பதில்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தரவும் வேண்டும். இதைச் சொன்னால் வீட்டுக்கார அம்மா, "அதெல்லாம் மெட்ராஸ்லம்மா. இங்க இதான் வழக்கம்" என்றார்.

அவரைச் சொல்லி என்ன? சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் இந்த மூன்று மாத வரம்பு செல்லாது. பத்து மாதம் என்று டைப் அடித்த பத்திரத்தில் நாமே கையெழுத்துப் போட்டுவிட்டு யாரிடம் முறையிடுவது? வாடகை பாக்கி வைத்து ஓடுகிறவர்களை நினைத்து வீட்டுக்காரர்கள் பயப்படுவது நியாயம்தான். அதற்கு மூன்று மாதம் போதாதா? அந்த ஒரு வரியை அரசு நீக்க வேண்டும்.

– ஒரு வாசகி, தேவதானப்பட்டி