குழந்தையைக் காணோம் என்றால் முதல் குற்றவாளி தாயா?

"புள்ளயக் காணோம்!"

இந்த ஒரு சத்தம் தெருவில் கேட்டால் போதும். சோழவரம் ஆகட்டும், காரனோடை ஆகட்டும், பத்து நிமிஷத்தில் கூட்டம் கூடிவிடும். ஒருத்தர் ஏரிக்கரைக்கு ஓடுவார். ஒருத்தர் ஜி.என்.டி. ரோட்டுக்கு ஓடுவார். கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், பொட்டிக்கடை எல்லாம் அலசுவார்கள். அரை மணி நேரம் இப்படி. அதற்கு அப்புறம் கூட்டத்தின் கண் மெல்லத் திரும்பும். வெளியே தேடிக்கொண்டு இருந்த கண், வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கும்.

"அவ ஏன் அழவே மாட்டேங்கிறா?"

"நேத்து ராத்திரி புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ தகராறாம்."

"எப்பப் பாரு கையில போனு."

காணாமல் போனது குழந்தை. கூண்டில் ஏறுவது தாய்!

இந்த சந்தேகம் ஆகாயத்தில் இருந்து குதித்தது அல்ல. 2018-ல் குன்றத்தூரில் பெற்ற தாயே இரண்டு குழந்தைகளுக்கு விஷம் கொடுத்துக் கொன்ற வழக்கு நாட்டையே உலுக்கியது. 2025 ஜூலையில் காஞ்சிபுரம் கோர்ட்டு அந்தப் பெண்ணுக்கும் அவளுடைய கள்ளக்காதலனுக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்த ஒரு வழக்கு போதும், ஊரில் உள்ள அத்தனை தாயையும் ஏற இறங்கப் பார்ப்பதற்கு. போதாததற்கு சினிமா வேறு. படத்தில் புள்ளை காணாமல் போனால் கடைசி ரீலில் மாட்டுவது வீட்டுக்குள்ளே இருக்கிற ஆள்தான். டிக்கெட் எடுத்துப் பார்த்த அதே கதையைப் பக்கத்து வீட்டிலும் பார்க்க ஜனங்கள் துடிக்கிறார்கள்.

ஆனால் அழாத தாய் எல்லாம் கொலைகாரியா? இதற்கு ஆஸ்திரேலியாவில் பதில் கிடைத்தது. கிடைக்க 32 வருஷம் ஆயிற்று.

நாய் தூக்கிய குழந்தை

1980 ஆகஸ்டு 17-ந் தேதி ராத்திரி. அயர்ஸ் ராக் என்ற பெரிய பாறை மலை அடிவாரம். சுற்றுலா வந்த குடும்பம் கூடாரம் போட்டுத் தங்கி இருந்தது. பிறந்து 9 வாரமே ஆன பெண் குழந்தை அசாரியா, கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டு இருந்தது. திடீர் என்று தாய் லிண்டி சேம்பர்லைன் அலறினாள். "டிங்கோ என் குழந்தையைத் தூக்கிக்கிட்டு போயிடுச்சு!" டிங்கோ என்பது அந்த நாட்டுக் காட்டு நாய்.

முதல் விசாரணை அதிகாரி, தாய் சொன்னது உண்மை என்றுதான் 1981-ல் தீர்ப்பு சொன்னார். ஊர் ஏற்கவில்லை. டெலிவிஷனில் பேட்டி கொடுத்தபோது அந்தப் பெண் அழவில்லை என்பதுதான் ஜனங்களுக்குப் பெரிய சாட்சியம்! உடுப்பைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள். அவளுடைய மதத்தைப் பற்றிக்கூட கதை கட்டினார்கள். மறுபடி விசாரணை. காரில் குழந்தை ரத்தம் இருந்தது என்று நிபுணர்கள் சொன்னார்கள். 1982 அக்டோபரில் ஆயுள் தண்டனை. அப்போது அவள் நிறைமாதக் கர்ப்பிணி. அடுத்த பெண் குழந்தை சிறையில் இருக்கும்போதுதான் பிறந்தது.

1986-ல் மலையில் இருந்து விழுந்து இறந்த வேறு ஒரு ஆளைத் தேடப் போனார்கள். டிங்கோ பொந்துகள் இருக்கும் பக்கம் ஒரு சின்னச் சட்டை கிடைத்தது. அசாரியா போட்டிருந்த சட்டை! இல்லவே இல்லை என்று கோர்ட்டில் அடித்துப் பேசப்பட்ட சட்டை அது. தாய் விடுதலை ஆனாள். ரத்தம் என்று சொன்னது என்ன தெரியுமா? காரில் சத்தம் அடங்குவதற்காகக் கம்பெனியிலேயே தெளிக்கும் ரசாயனப் பூச்சு! 1988-ல் தண்டனை ரத்து. 2012 ஜூனில்தான், குழந்தையைக் கொன்றது டிங்கோ என்று இறப்புச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தார்கள்.

நம் ஊர் வீடுகளில் நடப்பதும் இதுவே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே வந்துவிடும். புருஷன் ஒரு ஷிப்டு, மனைவி ஒரு ஷிப்டு என்று ஓடுகிற வீடு எத்தனை! குழந்தையைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மூத்தது பத்து வயது என்றால் அதுதான் இளையதுக்குக் காவல். ஒரே சுவரில் வரிசையாக வீடு. கதவு சாத்துவது தூங்கும்போது மட்டும்தான். இப்படிப்பட்ட இடத்தில் புள்ளை காணாமல் போனால் தாயைக் கேட்கிற முதல் கேள்வி என்ன? "நீ எங்கே போய்த் தொலஞ்சே?" கேட்பது போலீசார் அல்ல. மாமியார்.

அன்று ராத்திரி அந்த வீட்டுக்குள் நடப்பது எந்தப் பேய்ப் படத்திலும் வராது. புருஷன் பேச மாட்டான். கொழுந்தன் முறைப்பான். அந்தப் பெண் தன்னையே கேட்டுக்கொள்வாள். தாழ்ப்பாள் போட்டேனா? போட்டதா ஞாபகம் இருக்கே! பால் வாங்கப் போனது ஆறு மணியா, ஆறரையா? ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் பதிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். நேரம் மாறும், வரிசை மாறும். பதறிய மனசின் இயல்பு அது. ஆனால் ஏட்டில் அது எப்படி ஏறும்? "தாய் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார்." தீர்ந்தது கதை!

காணாமல் போனவரின் குடும்பம் படும் பாட்டுக்கு மனநூலில் தனிப் பெயரே உண்டு. அமெரிக்கப் பேராசிரியை பாலின் பாஸ் வைத்த பெயர். தமிழில் சொன்னால் முடிவு தெரியாத இழப்பு. செத்தால் அழுது தீர்க்கலாம், பதினாறு கும்பிடலாம். காணாமல் போனால் எதைக் கும்பிடுவது? அந்த நிலையில் சிலர் ஓலமிடுவார்கள். சிலர் கல்லாகி உட்காருவார்கள். இரண்டையும் வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

தாய் மேல் பாயாத ஊர், வெளியாள் மேல் பாயும். அதுவும் இந்தப் பக்கம் நடந்ததே! 2018 மே மாதம் வாட்ஸ்அப்பில் புள்ளை பிடிக்கிறவன் வதந்தி. பழவேற்காட்டில் ஒரு ஆளை அடித்தே கொன்று பாலத்தில் தொங்க விட்டார்கள். அதே வாரம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன கிழவி குழந்தைக்குச் சாக்லெட் கொடுத்தாள் என்று அவளையும் கொன்றார்கள். அந்த இரண்டு ஊரிலும் காணாமல் போன குழந்தை என்று ஒன்று கிடையவே கிடையாது.

நிஜமாகப் புள்ளை பிடித்தவர்கள் அப்போது மாட்டினார்களா? அவர்கள் கதை வேறு. 1998-லும் 1999-லும் வடசென்னையில் ஏழைக் குடிசை வாசலில் இருந்து குழந்தைகள் மறைந்தன. வருஷக்கணக்கில் துப்பு துலங்கவில்லை. 2005-ல் ஒரு கும்பல் பிடிபட்டது. அதன் பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்துக்குக் குழந்தைகள் விற்கப்பட்டதாகவும், பொய்ப் பெயர், பொய்க் காகிதத்தில் வெளிநாட்டுக்குத் தத்து போனதாகவும் வழக்கு. ஐகோர்ட்டு அதை சி.பி.ஐ.க்கு மாற்றியது. ஒரு குழந்தை ஆஸ்திரேலியா போனது. புளியந்தோப்புக் குழந்தை நெதர்லாந்து போனது என்பது பெற்றோரின் வழக்கு. குழந்தையைத் தொலைத்த அந்த வருஷங்களில் இந்தத் தாய்மார்களை அக்கம்பக்கம் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

2013 மே 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக உத்தரவு போட்டுவிட்டது. கைலாஷ் சத்யார்த்தியின் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கு. குழந்தை காணோம் என்று புகார் வந்தால் எப்.ஐ.ஆர். போட வேண்டும். கடத்தல் என்றே முதலில் கருத வேண்டும். "24 மணி நேரம் போகட்டும், சொந்தக்காரங்க வீட்ல பாருங்க" என்ற பழைய பாட்டுக்கு அன்றோடு மங்களம் பாடியாகிவிட்டது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்க்கக் கூடாது. 1098-க்கும் 112-க்கும் காசில்லாமல் போன் போடலாம். இதை ஆவடி கமிஷனரேட்டுக்கு உட்பட்ட ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? பெயிண்டு ஒரு டப்பா போதும். தமிழில் மட்டும் அல்ல, செங்கல் சூளையிலும் கம்பெனியிலும் வேலை செய்கிற வடக்கத்திக்காரர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும்.

புருஷன் பொண்டாட்டி சண்டையில் தகப்பனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. உடனே "குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்குங்க" என்று கைகழுவுவது சரியல்ல. குழந்தை எங்கே, பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது போலீசார் கடமை. மறுத்தால் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. ஆனால் அதற்கு வக்கீல் பீசு யார் கொடுப்பது என்று தினக்கூலிக்காரன் கேட்டால் பதில் உண்டு. இலவச சட்ட உதவி மையம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களை விசாரிக்கவே கூடாதா? விசாரிக்கட்டும். தனித்தனியாக, பெண் போலீசை வைத்து விசாரிக்கட்டும். அது நடக்கும்போதே இன்னொரு அதிகாரி வெளியே கேமரா பார்க்க வேண்டும். முழு ஸ்டேஷனும் தாயைச் சுற்றி உட்கார்ந்தால், ஜி.என்.டி. ரோட்டில் ஒரு வண்டி இரண்டு மணி நேரத்தில் ஆந்திராவுக்குள்ளே எவ்வளவு தூரம் போய்விடும்?

முதல் நாள் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு போரூர் பக்கம் நடந்த வழக்கு இருக்கிறது. 2017 பிப்ரவரியில் அடுக்குமாடி வீட்டில் ஒரு சிறுமி காணாமல் போய், பிணமாகக் கிடைத்தாள். அதே கட்டிடத்தில் இருந்த வாலிபருக்கு 2018-ல் செங்கல்பட்டு கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. ஐகோர்ட்டும் அதே ஆண்டில் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்பது காரணம். கோயில் கேமராவில் ஆள் பதிவாகி இருக்கிறது என்று பெரிதாகப் பேசப்பட்டதே, அந்தப் பதிவு கோர்ட்டுக்கு வந்து சேரவே இல்லை!

சோழவரத்தில் இருந்து தச்சூர் கூட்டுரோடு வரை பாருங்கள். கடை, பெட்ரோல் பங்க், குடோன், கம்பெனி கேட் என்று எங்கு பார்த்தாலும் கேமரா. ஆனால் பெட்டி நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். சில இடத்தில் பதினைந்து நாள், சில இடத்தில் ஒரு வாரம்கூட நிற்காது. குழந்தை காணோம் என்று சத்தம் கேட்ட அன்றே, கடைக்காரர்கள் அந்த நாள் பதிவை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்து, தேதியும் நேரமும் எழுதி ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். எதிர்வீட்டுக்காரி அழுதாளா இல்லையா என்று பார்ப்பதற்கு ஆகும் நேரம்தான் இதற்கும் ஆகும்.