குற்றாலத்தில் குளித்தால் ‘பர்ன்அவுட்’ போய்விடுமா?

ஜூன் பிறந்து செங்கோட்டைப் பக்கமிருந்து சாரல் காற்று வீச ஆரம்பித்ததும், ஐ.டி. நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மெசேஜ் தவறாமல் வரும்: “சீசன் ஸ்டார்ட் ஆயிடுச்சு மச்சி, போலாமா?” வெள்ளி இரவு பொதிகை எக்ஸ்பிரஸ், சனி காலை தென்காசி, ஐந்தருவியில் ஒரு குளியல், பிரானூர் பார்டரில் பரோட்டா, ஞாயிறு மாலை திரும்ப ரயில். திங்கள் காலை பத்து மணிக்கு வழக்கமான ஸ்டாண்ட்-அப் மீட்டிங்.

இந்த டூரில் எந்தத் தப்பும் இல்லை. பரோட்டாவுக்காகவே போகலாம். ஆனால், “கோடைப் பார்த்தாலே எரிச்சலா வருது, முன்ன மாதிரி இன்ட்ரஸ்ட் இல்ல” என்று ஒருவர் சொல்லும்போது, “ரெண்டு நாள் குற்றாலம் போயிட்டு வா, சரியாயிடும்” என்று மருந்துச்சீட்டு எழுதுகிறோமே, அதில்தான் சிக்கல். பெரும்பாலும் சரியாகாது. சரியாகாதபோது, “குற்றாலம் போயும் மாறல, அப்போ என்கிட்டதான் ஏதோ கோளாறு” என்று அந்த ஆள் இன்னும் உடைந்துபோகிறார்.

களைப்பும் பர்ன்அவுட்டும் ஒன்றா?

இல்லை. களைப்பு ஓய்வெடுத்தால் போகும். பர்ன்அவுட் அப்படிப் போகாது.

இந்தச் சொல்லை 1974-இல் உளவியல் கட்டுரை ஒன்றின் மூலம் பரவலாக்கியவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். இலவச மருத்துவமனை ஒன்றில் தன்னார்வலர்களோடு வேலை பார்த்தபோது கவனித்ததைத்தான் அவர் எழுதினார். கவனியுங்கள், அவர்கள் சம்பளத்துக்காக வந்து சலித்துப்போனவர்கள் கிடையாது, ஆசைப்பட்டு வந்தவர்கள். ஆர்வமில்லாதவருக்குத்தான் பர்ன்அவுட் வரும் என்ற நம் ஊர் நினைப்புக்கு இது நேர் எதிர்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11-வது பதிப்பில் பர்ன்அவுட்டை ‘வேலை சார்ந்த ஒரு நிலை’ என்று விளக்கியது. நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தொடர்ந்து இருக்கும் அழுத்தம் சரியாகக் கையாளப்படாததன் விளைவு என்கிறது. அடையாளங்கள் மூன்று. உள்ளே எல்லாம் வற்றிப்போன உணர்வு முதலாவது: எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் லேப்டாப்பைத் திறக்கக் கை வராது. அடுத்தது, வேலையிலிருந்து மனசு விலகிப்போவதும் அதோடு ஒட்டிக்கொள்ளும் கசப்பும்: “எதைச் செஞ்சு என்ன, அடுத்த ஸ்பிரின்ட்ல தூக்கத்தானே போறாங்க.” கடைசியாக, ‘எனக்கு இது வராது’ என்ற எண்ணம். ஐந்து வருடம் ஜாவா எழுதியவர் சின்ன பக் ஒன்றைத் தொடவே பயப்படுவார்.

மூன்றுமே வேலையோடு கட்டப்பட்டவை. அப்புறம் எப்படி அருவி அதைச் சரி செய்யும்? நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூம் குழு 2009-இல், விடுமுறை பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விடுமுறையால் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே அது கரைந்துவிடுகிறது என்பதுதான் கிடைத்த பதில். திரும்பிப் போகிற இடம் அதே இடம்தானே.

அப்போ தென்காசிக்கே போய்விட்டால்?

இப்போது பலருடைய கனவு இது. ஓ.எம்.ஆர். டிராஃபிக் வேண்டாம், வாடகை வேண்டாம், மலையைப் பார்த்துக்கொண்டு கோடு எழுதலாம். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-லிருந்து அலுவலகம் நடத்துகிறது. வாடிக்கையாளர் சேவைக்கான ‘ஸோஹோ டெஸ்க்’ அங்கே உருவானதுதான். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அமெரிக்காவிலிருந்து அந்தக் கிராமத்துக்கே குடிவந்தார். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஸோஹோ பள்ளியும் அங்கே இருக்கிறது. சாஃப்ட்வேர் என்றால் சென்னை, பெங்களூரு என்றிருந்த கணக்கை அது மாற்றியது உண்மை. சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாட்டோடு ஒரு ஐ.டி. வேலை என்பது சாதாரண விஷயமில்லை.

ஆனால் ஊர் மாறுவது ஒன்று, வேலையின் அமைப்பு மாறுவது வேறொன்று. இந்த வேறுபாட்டை 2020, 2021-இல் நாமே பார்த்தோம். ஊரடங்கில் லேப்டாப்போடு சொந்த ஊர் திரும்பியவர்களில் பலருக்கு முதல் மாதம் சொர்க்கமாக இருந்தது. பிறகு காலை ஒன்பது மணிக்குத் திறந்த லேப்டாப் இரவு பதினொன்று வரை மூடப்படவில்லை. நடுவில் கரன்ட் போனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். “வீட்லதானே இருக்க, ரேஷன் கடைக்குப் போயிட்டு வாடா” என்ற குரல் வேறு. கம்பெனி பஸ்ஸில் கழிந்த ஒன்றரை மணி நேரம் மிச்சமானது, அதையும் மீட்டிங் சாப்பிட்டுவிட்டது.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். அருவிதான் மருந்து என்றால், தினமும் டூ-வீலரில் போய்க் குளித்துவிட்டு வரக்கூடிய ஊர்க்காரர் யாருக்கும் வேலை கசக்கவே கூடாது. அதே தென்காசி மாவட்டத்தில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு இடுப்பு வலியோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய சோர்வுக்கு யாரும் ‘பர்ன்அவுட்’ என்று ஸ்டைலாகப் பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

கோடிங் மட்டும் ஏன் இப்படிக் கசக்கிறது?

முதல் புரோகிராம் எழுதிய நாளை நினைத்துப் பாருங்கள். நாலு வரி எழுதினோம், ரன் கொடுத்தோம், திரையில் நம் பெயர் வந்தது. எழுதியதற்கும் பலனுக்கும் நடுவில் சில நொடிகள்தான். அந்த நொடிகளில்தான் இந்த வேலையின் போதையே இருக்கிறது.

கம்பெனியில் அந்த நொடிகள் வாரங்களாகின்றன. பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போன கோடு, அதில் ஒரு வரி மாற்ற மூன்று பேர் அனுமதி, டிக்கெட், ரிவியூ, டெஸ்டிங், அப்புறம் “கிளையன்ட் மனசு மாறிட்டார்”. எழுதியது யாருக்குப் பயன்பட்டது என்று தெரியவே தெரியாது. ஆன்-கால் டியூட்டி என்றால் இரவு இரண்டு மணிக்கும் போன் அலறும். அமெரிக்க கிளையன்ட்டின் பகல், நமக்கு ராத்திரி. இதில் ஏ.ஐ. வேறு. கோடு எழுதுகிற இன்பத்தை அது எடுத்துக்கொண்டு, அது எழுதியதைச் சரிபார்க்கிற வேலையை நம்மிடம் விடுகிறது. வேலை வேகமாகிறது என்பது நிஜம். ஆனால் ரசித்துச் சமைப்பவரை அடுப்படியிலிருந்து எழுப்பி, சாப்பாட்டு டப்பா எண்ணச் சொன்னால் எப்படி இருக்கும்?

பயமும் உண்டு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, வேறு கம்பெனிகளில் இருந்தவர்களுக்கும் வயிறு கலங்கியது. வீட்டுக் கடன் ஈ.எம்.ஐ. இருப்பவர் “எனக்கு முடியல” என்று மேனேஜரிடம் எப்படிச் சொல்வார்?

இந்த நேரத்தில் மேலே இருப்பவர்கள் என்ன பேசினார்கள்? இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, 2023 அக்டோபரில். வாரம் 90 மணி நேரம், ஞாயிறும் உட்பட என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய வீடியோ 2025 ஜனவரியில் வைரலானது. இரண்டுக்கும் நடுவே, 2024 ஜூலையில், புனேயில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நாலே மாதமான 26 வயதுப் பெண் இறந்துபோனார். வேலைச்சுமைதான் காரணம் என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தை நாடே படித்தது. அதற்குப் பிறகும் மணிக்கணக்கு பற்றித்தான் பேசுகிறார்கள் என்றால் என்ன சொல்வது!

வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் அழைப்பைத் தவிர்க்கும் உரிமை பிரான்ஸில் 2017-லிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டிலிருந்தும் சட்டமாக இருக்கிறது. இங்கே அது தனிநபர் மசோதாவாக மக்களவைக்கு வந்தது, அத்தோடு நின்றது.

மலைக்குப் போய் வேலையை மாற்றியவர்கள்

ஒரு சுவாரசியமான விஷயம். 2001 பிப்ரவரியில் 17 சாஃப்ட்வேர் ஆட்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற மலை வாசஸ்தலத்தில் கூடினார்கள். பனிச்சறுக்கு, நல்ல சாப்பாடு, பேச்சு. திரும்பும்போது அவர்கள் கையில் இருந்ததுதான் இன்று எல்லா ஐ.டி. கம்பெனிகளும் உச்சரிக்கும் ‘அஜைல்’ அறிக்கை. அதோடு வந்த 12 கொள்கைகளில் ஒன்று, காலத்துக்கும் தாக்குப்பிடிக்கக்கூடிய சீரான வேகத்தில்தான் வேலை நடக்க வேண்டும் என்பது. கூடியவர்களில் ஒருவரான கென்ட் பெக், வாரம் 40 மணி நேரம் என்பதைத் தன் முறையின் ஒரு விதியாகவே முன்பு வைத்திருந்தார். நம் கம்பெனிகள் ஸ்டாண்ட்-அப், ஸ்பிரின்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அந்த ஒரு கொள்கையை மட்டும் வசதியாக விட்டுவிட்டன.

சரி, இப்போ என்னதான் பண்றது?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கசப்பு வேலை மீது மட்டுமா, எல்லாவற்றின் மீதுமா? பிடித்த படம், பிடித்த சாப்பாடு, நண்பர்கள் எதுவுமே ருசிக்கவில்லை, தூக்கம் இல்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு டாக்டர் வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். தள்ளிப்போடாதீர்கள்.

வேலை மீது மட்டும்தான் என்றால், எது குத்துகிறது என்று குறிப்பாகக் கண்டுபிடிக்க வேண்டும். பர்ன்அவுட்டை அளக்கும் கேள்வித்தாளை 1981-இல் வெளியிட்ட கிறிஸ்டினா மஸ்லாக்கும், அவருடைய சக ஆய்வாளர் மைக்கேல் லெய்ட்டரும் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: வேலைச்சுமை, நம் கையில் இருக்கும் அதிகாரம், கிடைக்கும் அங்கீகாரம், கூட வேலை பார்ப்பவர்கள், நியாயம், நம் மதிப்பீடுகளோடு ஒத்துப்போவது. என் பார்வையில் ஐ.டி.யில் ரொம்ப அடிபடுவது இரண்டாவதுதான். எவ்வளவு நேரம் என்பதைவிட, எதை எப்போது செய்வது என்பதில் நமக்குத் துளியும் பேச்சு இல்லை என்பதே ஆளைக் கொல்கிறது. அதனால் “எனக்கு பர்ன்அவுட்” என்று மேனேஜரிடம் போவதைவிட, “இந்த மாசம் ஒன்பது ராத்திரி எழுப்பியிருக்கீங்க, ஆன்-காலை நாலு பேருக்குப் பிரிச்சுக் கொடுங்க” என்று தேதியோடு போவது வேலைக்கு ஆகும். தனியாகப் போகாமல் டீமாகப் போனால் இன்னும் நல்லது.

“சைடு புராஜெக்ட் பண்ணு ப்ரோ, பேஷன் திரும்ப வந்துரும்” என்ற யூடியூப் அறிவுரையை இப்போதைக்குக் கேட்காதீர்கள். வயிறு சரியில்லாதவருக்கு விருந்து வைக்கிற கதை அது. அதேபோல, கசப்பு உச்சத்தில் இருக்கும் வாரத்தில் பேப்பர் போடாதீர்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு முடிவெடுங்கள். அப்போதும் போகலாம் என்று தோன்றினால் போங்கள், தப்பே இல்லை.

பழைய ஆர்வம் திரும்ப வராமலே போகவும் வாய்ப்பிருக்கிறது. வரட்டும், வராமல் போகட்டும். பஸ் ஓட்டுபவர் ஸ்டீயரிங் மீது காதலோடு இருக்கிறாரா என்று நாம் கேட்பதில்லை, ஒழுங்காக ஓட்டுகிறாரா என்றுதான் பார்க்கிறோம். டெவலப்பரிடம் மட்டும் ஏன் பேஷன் கேட்கிறோம்? இன்டர்வியூவில் அந்த வார்த்தை வந்தால், சம்பளத்தில் வராத ஏதோ ஒன்றை நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

குற்றாலத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அருவிக்குள் போனைக் கொண்டுபோக முடியாது, அது ஒன்றே பெரிய விஷயம். ஜூலை மாதத்துச் சனி, ஞாயிறு கூட்டத்தை விட்டு, செவ்வாய் புதனில் போங்கள். தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்களா என்று முன்பே பாருங்கள். லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன், அந்த மூன்று நாள் ஆன்-கால் யாருடையது என்று பெயர் போட்டு மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.