பள்ளிக்கூடத்துப் பொருளாதாரம் யார் கையில்?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவர்

தான் விற்கும் கத்தரிக்காயைச் சொத்தை என்று எந்த வியாபாரியும் கூவுவதில்லை. அதை அவர் குற்றமாகக் கொள்ள முடியாது. வியாபாரத்தின் இயல்பு அது. ஆனால் அந்த வியாபாரியே வகுப்பறைக்குள் வந்து, கத்தரிக்காயைப் பற்றிய பாடத்தையும் நானே எழுதித் தருகிறேன் என்றால் நாம் சற்று யோசிக்க வேண்டாமா? அமெரிக்க நாட்டு அரசுப் பள்ளிகளில் பொருளாதாரப் பாடத்திற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நேர்ந்து வருவது இதுதான்.

முதலில் மின்சாரத்தின் கதையைப் பார்ப்போம். 1920களில் அந்நாட்டின் மின் உற்பத்தி பெரும்பாலும் தனியார் கம்பெனிகளிடம் இருந்தது. நகராட்சிகளும் அரசும் அதை ஏற்று நடத்தினால் என்ன என்ற கேள்வி அப்போது வலுத்து வந்தது. கம்பெனிகளின் கூட்டமைப்பான தேசிய மின்விளக்குச் சங்கம் இதற்கு விடை தேடிப் பள்ளிக்கூடத்தின் வாசலுக்கே சென்றது. சிறு நூல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கியது. பாடநூல்களை வரி வரியாகப் பார்த்து, தனக்கு ஒவ்வாத பகுதிகளை மாற்றும்படி பதிப்பாளர்களை நெருக்கியது. பேராசிரியர்கள் சிலருக்குப் பணமும் கொடுத்தது. 1928இல் கூட்டாட்சி வணிக ஆணையம் விசாரணையைத் தொடங்கிய பிறகே இவை முழுமையாக வெளிச்சத்துக்கு வந்தன. தன் பிள்ளைக்கு ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் கற்பிக்க, தகப்பன் கட்டிய மின்கட்டணமே செலவழிந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

அடுத்தது ஹெரால்டு ரக் என்னும் பேராசிரியரின் கதை. கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய இவர் எழுதிய சமூகவியல் பாடநூல்கள் 1930களில் பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயின. செல்வம் சிலரிடம் குவிவது ஏன், விளம்பரம் சொல்வதெல்லாம் உண்மையா என்பன போன்ற கேள்விகளை அவர் மாணவர் முன் வைத்தார். விளம்பரத் தொழிலாரின் சங்கம் சீறி எழுந்தது. 1940இல் தேசிய உற்பத்தியாளர் சங்கம் ஒருவரை அமர்த்தி, நூற்றுக்கணக்கான பாடநூல்களைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. முன்னாள் படைவீரர் அமைப்பும் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டது. ஓஹையோ மாநிலத்துப் பிராட்னர் என்னும் சிற்றூரில் ரக்கின் நூல்களைத் தீயிலிட்டனர். சில ஆண்டுகளுக்குள் அவை பள்ளிகளை விட்டே மறைந்தன.

ரக் சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. அரசு திட்டமிட்டுப் பொருளாதாரத்தை நடத்த வேண்டும் என்ற தம் கருத்தை அவரும் நூலில் கலந்தார். அதை மறுக்க வேறொரு நூல் எழுதியிருக்கலாம். அதைவிட்டு, கேள்வியையே பள்ளியிலிருந்து வெளியேற்றியதுதான் தவறு.

இன்று தீ மூட்ட வேண்டிய தேவையும் இல்லை. டெக்சாஸ் மாநிலச் சட்டம், பொருளாதாரப் பாடம் தடையற்ற தொழில்முறையையும் 'அதன் நன்மைகளையும்' வலியுறுத்த வேண்டும் என்கிறது. 2010இல் அம்மாநிலக் கல்வி வாரியம், பாடத்திட்டத்தில் 'முதலாளித்துவம்' என்ற சொல்லுக்குப் பதிலாகத் 'தடையற்ற தொழில்முறை' என்று வழங்க முடிவு செய்தது. நன்மை என்று பாடத்தின் பெயரிலேயே எழுதிவிட்ட பின், தீமை உண்டா என்று மாணவன் எப்படிக் கேட்பான்?

தொழில் நடத்துபவர்க்கே சந்தை தெரியும், அவர்கள் பேசினால் என்ன என்பார்கள். தாராளமாகப் பேசட்டும். சம்பளப் பட்டியலும் வட்டிக் கணக்கும் அவர்கள் வாயால் கேட்பது மாணவர்க்கு நல்லதே. ஆனால் ஆய்வுக்கூடத்துத் தராசைச் செய்து விற்றவரே அதன் அளவைச் சோதித்துச் சான்றும் தந்தால் அறிவியல் மாணவர் ஏற்பதில்லை. பொருளாதாரத்திற்கு மட்டும் வேறு நீதி எதற்கு?

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோர்க்கு இதன் கனம் தெரியும். புத்தகத்தில் இருப்பதை மறுத்துச் சொல்ல எங்கள் வீடுகளில் ஆள் இல்லை. அச்சில் வந்தது வேதவாக்கு. வசதி உள்ள பிள்ளைக்கு வேறு நூல் கிடைக்கும். அரசுப் பள்ளியை நம்பி வந்த பிள்ளைக்கு அந்த ஒரு நூல்தான் உலகம். அதனால்தான் அங்கே நடுநிலை தவறுவது பெருங்கேடாகிறது.

செய்ய வேண்டியவை மூன்று. இலவசமாக வரும் எந்தப் பாடப்பொருளிலும் பணம் கொடுத்தவர் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆசிரியர் குழு படித்து ஏற்ற பிறகே அது வகுப்புக்குள் வர வேண்டும். முதலாளி சங்கத்தின் ஏடு ஒன்று வந்தால், அதே மேசையில் தொழிற்சங்கத்தின் ஏடு ஒன்றும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கு வேண்டிய பணத்தை அரசு தர வேண்டும். கையில் காசில்லாத பள்ளிதான் இலவசத்தின் உள்நோக்கத்தைக் கேளாமல் கதவைத் திறக்கிறது.

கூலி யார் கொடுக்கிறார், இலாபம் யாருக்குப் போகிறது, விலையை யார் தீர்மானிக்கிறார் — இவற்றைக் கேட்கக் கற்பிப்பதே பொருளாதாரப் பாடம். அந்தப் பாடத்திற்கே கூலி கொடுப்பவர் யார் என்பதையும் மாணவர் கேட்கட்டும்.